கட்டு போட்டாச்சா? விரல் நுனியைப் பாருங்கள்!

அரியலூர் சுண்ணாம்பு பூமி. சிமென்ட் ஆலைகளுக்கு லாரி லாரியாகச் சுண்ணாம்புக்கல் போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல்லில் உள்ள கால்சியம்தான் நம் எலும்பிலும் பாஸ்பேட்டோடு சேர்ந்து இருக்கிறது. ஆனால் கல் உடைந்தால் உடைந்ததுதான். எலும்புக்கு உயிர் உண்டு. ரத்த ஓட்டம் சரியாக இருந்தால் முறிந்த எலும்பு மறுபடி கூடிக்கொள்ளும். இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எத்தனை எலும்புகள்?

பெரியவர் உடம்பில் 206 எலும்புகள். அதில் 126 கை கால்களைச் சேர்ந்தவை.

ஒரு கைக்கு 32: காறை எலும்பு 1, தோள்பட்டை 1, மேல்கை 1, முன்கை 2, மணிக்கட்டு 8, உள்ளங்கை 5, விரல்கள் 14.

ஒரு காலுக்கு 31: இடுப்பு எலும்பு 1, தொடை 1, முழங்கால் சில்லு 1, கீழ்க்கால் 2, கணுக்கால், குதிகால் பகுதி 7, பாதம் 5, விரல்கள் 14.

யாருக்கு எங்கே முறியும்?

குழந்தைகள் முந்திரி மரத்திலிருந்தோ திண்ணையிலிருந்தோ கையை ஊன்றி விழுந்தால், முழங்கைக்குச் சற்று மேலே முறியும். கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அந்த இடத்தை ஒட்டியே ஓடுவதால் இது ஆபத்தானது. நடுத்தர வயதுப் பெண்கள் வழுக்கி விழுந்தால் மணிக்கட்டு. திருச்சி-சென்னை நெடுஞ்சாலையில் டூவீலர் விபத்து என்றால் பெரும்பாலும் கீழ்க்கால். பாத்ரூமில் விழுந்த பாட்டியின் பாதம் வெளிப்பக்கம் திரும்பி, கால் குட்டையாகத் தெரிந்தால் தொடை எலும்பின் கழுத்து முறிந்திருக்கலாம்.

"ஒண்ணுமில்லே, சுளுக்குதான்" என்று எண்ணெய் போட்டு உருவி விடாதீர்கள்! முறிந்த முனை நரம்பையும் ரத்தக்குழாயையும் கிழித்துவிடும்.

உடனே செய்ய வேண்டியது

1. வளையல், மோதிரம், மெட்டியைக் கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது.

2. அட்டையையோ சுருட்டிய செய்தித்தாளையோ அணை கொடுத்து, முறிவுக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாதபடி துண்டால் தளர்வாகக் கட்டுங்கள்.

3. காயம் இருந்தால் மஞ்சள்தூள், காப்பித்தூள் வேண்டாம். சுத்தமான துணியால் மூடுங்கள்.

4. 108-ஐ அழையுங்கள். எக்ஸ்ரே அவசியம்.

கட்டு இறுகினால்...

நம் பக்கத்தில் "புத்தூர் கட்டு போடலாமே" என்பார்கள். ஆந்திராவில் இருக்கும் புத்தூரின் பெயரால் வழங்கும், மூங்கில் பத்தை வைத்துக் கட்டும் முறை அது. சித்த மருத்துவத்திலும் ஒடிவு முறிவு ஒரு பாடம்தான். அதைப் படித்தவன் சொல்கிறேன்: மூங்கில் பத்தையோ மாவுக்கட்டோ, எதுவானாலும் இறுகினால் ஆபத்துதான். முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம் ஏறும். காலையில் சரியாக இருந்த கட்டு ராத்திரி இறுகிவிடும். சுமார் 6 மணி நேரம் ரத்தம் போகாவிட்டால் தசை செத்துப்போகும். விரல்கள் மடங்கி நிரந்தரமாக நின்றுவிடும். ஜெர்மன் மருத்துவர் ஃபோல்க்மான் 1881-லேயே இதை எழுதி வைத்தார்.

ஆகவே கட்டு போட்ட கை, கால் விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும். வலி ஏறிக்கொண்டே போகிறதா? விரலை நீட்டினால் துடிக்கிறதா? மரத்துப்போய், சில்லிட்டிருக்கிறதா? துணிக்கட்டு என்றால் உடனே தளர்த்துங்கள். மாவுக்கட்டு என்றால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். "விடியட்டும்" என்று காத்திருந்தால் குழந்தையின் கையே போய்விடும்.

எலும்பு கூடிய பிறகு

பெரியவர்களுக்குக் கை கூட சுமார் 6 வாரம், கால் கூட 12 வாரம் அல்லது அதற்கு மேலும் ஆகும். கேழ்வரகுக்கூழ், உளுந்தங்களி, எண்ணெயில் நன்றாக வதக்கிய பிரண்டைத் துவையல் சாப்பிடலாம். எண்ணெய்த் தடவலும் பயிற்சியும் எலும்பு கூடியதை எக்ஸ்ரேயில் பார்த்த பிறகுதான்.

இன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்காரும்போது, நகத்தை அழுத்திப் பார்க்கும் முறையை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள்.