2224 வந்தால் அழிக்காதே

அன்புத் தம்பிக்கு,

கல்லூரி ஆய்வகத்துக்காக நீ எழுதிய நிரலை நேற்று ராத்திரி உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். பருவத் தொடக்கத்தில் மாணவர் பட்டியலை வாசித்து, விண்டோஸ் இயந்திரங்களில் ஆளுக்கொரு கணக்கு உருவாக்கும் அந்த சி++ நிரல்தான். நெட்யூசர்ஆட் என்ன செய்யும், யூசர்_இன்ஃபோ_1 ஸ்ட்ரக்சரில் எதையெதை நிரப்ப வேண்டும் என்றெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எரிச்சல் வந்த இடத்துக்கு நேராக வருகிறேன்.

நெட்யூசர்ஆட் தரும் பதில் பூஜ்யம் இல்லையென்றால் "கணக்கை உருவாக்க முடியவில்லை" என்று ஒரே வரியை லாக்கில் எழுதிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடுகிறாய். ஏன் முடியவில்லை? அட்மின் உரிமை இல்லாமல் ஓட்டியிருந்தால் 5 வந்திருக்கும். பாஸ்வேர்டு அங்குள்ள விதிகளுக்கு ஒத்துவரவில்லை என்றால் 2245. ஸ்ட்ரக்சரில் ஏதோ கோணலாக இருந்தால் 87. மூன்றுக்கும் மருந்து வேறுவேறு. காலையில் லாக்கைத் திறக்கும் லேப் உதவியாளர் உன் ஒற்றை வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

87 வரும்போது எந்த உறுப்பில் கோளாறு என்று சொல்லத்தான் நெட்யூசர்ஆடின் கடைசி பாராமீட்டர் இருக்கிறது. 5 என்றால் பிரிவிலேஜ், 8 என்றால் ஃப்ளாக்ஸ். நீ அந்த இடத்தில் நல் போட்டிருக்கிறாய். வலிய வந்து சொல்கிறவன் வாயை எதற்குப் பொத்த வேண்டும்? போதாததற்கு கெட்லாஸ்ட்எரரை அழைத்து அதையும் லாக்கில் சேர்த்திருக்கிறாய். நெட் குடும்பத்துச் செயற்கூறுகள் பிழை எண்ணை நேராக உன் கையிலேயே கொடுத்துவிடுகின்றன. அவற்றுக்கும் கெட்லாஸ்ட்எரருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அது காட்டுவது வேறு ஏதோ ஒரு அழைப்பின் பழைய மிச்சம்.

இந்த 2245 போல 2100க்கு மேற்பட்ட எண்களின் மேல் எனக்கு ஒரு பழைய பாசம் உண்டு. இவை விண்டோஸில் பிறந்தவை அல்ல. 1987இல் மைக்ரோசாஃப்டும் 3காமும் சேர்ந்து ஓஎஸ்/2க்காகக் கொண்டுவந்த லேன் மேனேஜரின் வாரிசுகள். நீ முதல் வரியிலேயே சேர்க்கிற எல்எம்.ஹெச் கோப்பின் பெயரில் இன்னும் அந்த வீட்டு முதலெழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் ஃபார்மேட்மெஸேஜை வெறுமனே அழைத்தால் 2245க்கு விளக்கம் கிடைக்காது. அந்த வாசகங்கள் நெட்எம்எஸ்ஜி.டிஎல்எல்லில் தனியாக இருக்கின்றன, அதை ஏற்றி மாட்யூலாகக் கொடுக்க வேண்டும். அவசரத்துக்குக் கமாண்ட் ப்ராம்ப்டில் நெட் ஹெல்ப்எம்எஸ்ஜி 2245 என்று அடித்துப் பார், சொல்லும்.

இதுவரை சொன்னதையெல்லாம் மன்னித்துவிடுவேன். எனக்குத் தூக்கம் போனது அடுத்த இடத்தில். ஒரே ஒரு பிழை எண்ணை மட்டும் நீ தனியாக எடுத்துக் கவனித்திருக்கிறாய். அது 2224, 'இந்தப் பெயரில் ஏற்கெனவே கணக்கு இருக்கிறது'. அதற்கு நீ வைத்திருக்கும் வைத்தியம், நெட்யூசர்டெல் போட்டு அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்குவது.

தம்பி, விண்டோஸுக்குப் பெயர் முக்கியமே இல்லை. கணக்கு என்று அது நினைப்பது எஸ்ஐடியை. இயந்திரத்துக்கென்று ஒரு நீண்ட எண், அதன் வாலில் ஆளுக்கொரு எண். அட்மினிஸ்ட்ரேட்டருக்கு 500, கெஸ்ட்டுக்கு 501, நாம் உருவாக்குகிறவர்களுக்கு 1000 முதல் மேலே மேலே. அழித்த எண் திரும்ப வராது. ஃபோல்டர்களின் அனுமதிப் பட்டியலில் எழுதியிருப்பதும் இந்த எண்தான். அதே பெயரில் வேறொருவர் வந்து நின்றால் பட்டா அவருக்கு மாறிவிடுமா? நீ மறுபடி உருவாக்கிய பிள்ளை லாகின் செய்யும்போது அவனுடைய பழைய புரொஃபைல் ஃபோல்டர் அங்கேயே கிடக்கும், விண்டோஸ் அதைத் தொடாமல் பெயருக்குப் பின்னால் ஒரு வாலை ஒட்டிப் புதிதாக இன்னொன்றை உருவாக்கும். போன பருவத்து புராஜெக்ட் எங்கே என்று அவன் தேடிக்கொண்டிருப்பான்.

எக்ஸ்பி காலத்தில் ஓர் அலுவலகத்தில் இதை நேரில் பார்த்தேன். வேலையை விட்டுப்போன ஒரு அம்மா இரண்டு மாதத்தில் திரும்பி வந்தார். அதற்குள் அவர் கணக்கையும் புரொஃபைலையும் அழித்திருந்தார்கள். அதனால் என்ன, அதே பெயர், அதே பாஸ்வேர்டு என்று இன்னொன்று போட்டுக் கொடுத்தார்கள். டி டிரைவில் அவர் வைத்திருந்த வரவு செலவுக் கோப்புகள் பச்சை எழுத்தில் பெயர் காட்டின. இஎஃப்எஸ் போட்டு மறையாக்கம் செய்தவை. ஓனர்ஷிப் எடுத்துப் பார்த்தார்கள், அனுமதிகளை மாற்றிப் பார்த்தார்கள், திறக்கவில்லை. சாவி புரொஃபைலோடு போயிருந்தது. டொமைனில் சேராத எக்ஸ்பியில் மீட்பு ஏஜெண்ட் தானாக இருக்காது, அங்கே யாரும் அமைத்திருக்கவும் இல்லை. அந்த அம்மா மாதக்கணக்கில் அவற்றை ரசீதுகளிலிருந்து மறுபடி தட்டச்சு செய்தார். அழித்த ஆள் என்னவோ 'சிஸ்டம் சரியில்லை' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே 2224 வந்தால் அழிக்காதே. நெட்யூசர்கெட்இன்ஃபோ போட்டு இருப்பதைப் படி, மாற்ற வேண்டியதை மட்டும் நெட்யூசர்செட்இன்ஃபோவில் மாற்று. போய்விட்ட மாணவனின் கணக்கையும் முடக்கி வை, ஒரு வருஷம் கழித்து யோசிக்கலாம். முடக்கும்போது லெவல் 1008இல் முடக்கும் ஃப்ளாகை மட்டும் அனுப்பிவிடாதே. இருக்கிற ஃப்ளாக்ஸை முதலில் எடுத்து அதோடு சேர்த்து அனுப்பு, இல்லாவிட்டால் மற்றவை துடைத்துப் போய்விடும்.

பெயரை நம்பும் இதே நோய்தான் "அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்" என்று குழுவின் பெயரை மேற்கோளுக்குள் நேராக எழுதியிருக்கும் வரியிலும். ஜெர்மன் விண்டோஸில் அது அட்மினிஸ்ட்ராட்டோரன். உங்கள் ஆய்வகத்தில் ஜெர்மன் விண்டோஸ் வராது என்று சொல்வாய், தெரியும். இருந்தாலும் எஸ்-1-5-32-544 எல்லா ஊரிலும் ஒன்றே. அந்த எஸ்ஐடியை லுக்அப்அக்கவுண்ட்எஸ்ஐடியிடம் கொடு, அந்த ஊர்ப் பெயரை அதுவே தரும். நெட்லோக்கல்குரூப்ஆட்மெம்பர்ஸும் லெவல் 0இல் உறுப்பினரை எஸ்ஐடியாகவே வாங்கிக்கொள்ளும். அந்த வசதியை வைத்தவர்கள் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள்.

திட்டுவதற்கென்றே எழுதினேன் என்று நினைத்துவிடாதே. கணக்குகளைப் பட்டியலிடும் உன் லூப்பை மூன்று முறை படித்தேன், ரசித்து. நெட்யூசர்ஈனம் 234 தந்தால் 'இன்னும் இருக்கிறது' என்று புரிந்துகொண்டு ரெஸ்யூம் ஹேண்டிலோடு திரும்பிப் போகிறாய். மொத்த எண்ணிக்கை என்று அது சொல்வதை வெறும் உத்தேசமாக எடுத்துக்கொள்கிறாய். பாதியில் நின்ற சுற்றிலும் நெட்ஏபிஐபஃபர்ஃப்ரீ அழைத்து பஃபரை விடுவிக்கிறாய். தலை நரைத்த பல பேர் அந்த ஒரு வரியை விட்டுவிட்டு, சர்வர் மெமரியைத் தின்கிறது என்று புலம்பக் கேட்டிருக்கிறேன். உன் வயதில் எனக்கு இவ்வளவு சுத்தமாக எழுத வந்ததில்லை. அந்தப் பகுதியை அப்படியே விட்டுவிடு, ஒரு எழுத்தும் மாற்றாதே.

இன்னொன்று. கணக்கின் பெயர் 20 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. நீ முழுப் பெயரையும் பதிவெண்ணையும் ஒட்டித் தைக்கிறாய். மீனாட்சிசுந்தரேஸ்வரன் என்று ஒரு பையன் சேர்ந்தால், ஆங்கில எழுத்தில் அவன் பெயர் மட்டுமே 22. உன் லாக்கில் 'முடியவில்லை' என்று விழுந்திருப்பவர்களில் எத்தனை பேர் நீளப் பெயர்க்காரர்கள் என்று முதலில் பார். பதிவெண்ணை மட்டும் கணக்குப் பெயராக வைத்துக்கொண்டு, முழுப் பெயரை லெவல் 2இல் அதற்கென்றே இருக்கும் இடத்தில் போடு. திருத்திய பிறகு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா