ஷிஃப்ட்டுக்கு நடுவே 113 கிலோமீட்டர்

செம்பரம்பாக்கம், இருங்காட்டுக்கோட்டை, அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வேலை பார்க்கும் யாராவது "இந்த வருஷம் டிரையத்லான் போகப் போறேன்" என்றால், நான் முதலில் கேட்பது அவருடைய ஷிஃப்ட் ரோஸ்டரைத்தான். சைக்கிள், ஷூ, வாட்ச் எல்லாம் அப்புறம். இணையத்தில் கிடைக்கும் பயிற்சி அட்டவணைகள் திங்கள் ஓய்வு, சனி நீண்ட சைக்கிள், ஞாயிறு நீண்ட ஓட்டம் என்று போகும். அதை எழுதியவருக்கு சனி, ஞாயிறு லீவு. உங்களுக்கு வீக்லி ஆஃப் புதன்கிழமை வரலாம், அடுத்த வாரமே நைட் ஷிஃப்ட் விழலாம். அந்த அட்டவணையைச் சுவரில் ஒட்டினால் மூன்றாம் வாரமே கிழித்துப் போடுவீர்கள். பயிற்சியை ரோஸ்டரிலிருந்து வெட்டி எடுக்க வேண்டும்.

எந்தத் தூரம்? முழு அயர்ன்மேன் என்பது 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம், 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 1978-இல் ஹவாயின் ஓவாஹு தீவில் 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்ததில் தொடங்கிய கதை இது. நடிகர் மிலிந்த் சோமன் 2015-இல் சூரிச்சில் இதை முடித்தார். மகாராஷ்டிர ஐ.பி.எஸ். அதிகாரி கிருஷ்ண பிரகாஷ் போலீஸ் வேலையில் இருந்துகொண்டே 2017-இல் பிரான்சில் முடித்தார். ஆனாலும் முதல் தடவை போகிறவர் அதைத் தொட வேண்டாம் என்பதே என் கட்சி. பாதித் தூரம் போதும்: 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம், கூட்டினால் 113. கொழும்பில் 2018-இலும், கோவாவில் 2019-இலும் இந்தத் தூரத்துக்கான அயர்ன்மேன் போட்டி முதன்முதலாக நடந்தது. மேற்குச் சென்னைக்காரருக்கு கோவாதான் வசதி.

இப்போது கணக்கு. வழக்கமான கெடு: நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம், சைக்கிள் முடியும்போது மொத்தம் ஐந்தரை மணி, ஓட்டமும் சேர்ந்து எட்டரை மணி. 100 மீட்டருக்கு 3 நிமிடம் 40 விநாடி எடுத்தாலும் நீச்சலில் தப்பிக்கலாம். சைக்கிளை மணிக்கு 22 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் கெடுவுக்குச் சில நிமிடம் முன்பே வந்துவிடலாம். மீதமுள்ள மூன்று மணியில் 21 கி.மீ. என்றால் கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம். பாதி ஓட்டம், பாதி வேக நடை. எங்கும் புலிப்பாய்ச்சல் தேவையில்லை. எட்டரை மணி நேரம் நிற்காமல் இயங்கப் பழகிய உடம்பு வேண்டும், அதற்கு ஆறு மாதம் வேண்டும்.

வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் துணிந்து இறங்கலாம். ஷிஃப்ட் நேரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பொதுவாகச் சொல்கிறேன். பிற்பகல் ஷிஃப்ட் வாரம்தான் உங்கள் பொற்காலம்: இரவு வந்து தூங்கி எழுந்தால் காலை முழுக்க உங்களுடையது, சைக்கிளை அந்த வாரத்தில் குவியுங்கள். காலை ஷிஃப்ட் வாரத்தில் மாலை நீச்சல், இரவுச் சாப்பாட்டுக்கு முன் சின்ன ஓட்டம். நைட் ஷிஃப்ட் வாரம் ஓய்வு வாரம் என்றே எழுதிவிடுங்கள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஹைவேயில் ஏறுவது வீரமாகாது. தூங்கி எழுந்து நாற்பது நிமிட மெது ஓட்டம், இரண்டு மூன்று நாள், அவ்வளவே. வீக்லி ஆஃப் எந்தக் கிழமையில் விழுந்தாலும் அதுதான் உங்கள் ஞாயிற்றுக்கிழமை. நீண்ட சைக்கிள் அன்றைக்குத்தான்.

பிரஸ் ஷாப்பில் நிற்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கடுமையான பயிற்சி முடித்த கையோடு பவர் பிரஸ் முன்னால் நிற்காதீர்கள். களைத்த கண்ணுக்கு விரல் எங்கே இருக்கிறது என்பது அரை விநாடி தாமதமாகத்தான் தெரியும். மெடலுக்காக விரலைப் பணயம் வைக்க வேண்டாம்.

சூப்பர்வைசரிடம் எப்போது சொல்வது? ரிஜிஸ்டர் செய்த வாரமே. கடைசி மாதம் போய் நின்றால் முகம் சுளிப்பார், அதில் நியாயமும் உண்டு. லீவு கேட்பதை விட ஷிஃப்ட் மாற்றிக் கேட்பது எளிது. கைம்மாறு கையில் இருந்தால் இன்னும் எளிது. "அண்ணே, போட்டி வாரம் என் நைட்டை நீங்க எடுத்துக்குங்க, தீபாவளிக்கு முந்தின நாள் உங்க ஷிஃப்டை நான் பாத்துக்கறேன்" என்று லைனில் ஒருவரிடம் பேசி முடித்துவிட்டு, "சார், நாங்க ரெண்டு பேரும் பேசிட்டோம், லைன்ல ஆள் குறையாது" என்று போனால் பெரும்பாலும் தலையாட்டிவிடுவார். தீபாவளியைச் சும்மா சொல்லவில்லை. 2024-இல் கோவா போட்டி அக்டோபர் 27, தீபாவளி அக்டோபர் 31. எல்லோரும் ஊருக்குப் போக லீவு எழுதும் அதே வாரம். போட்டி ஞாயிறு என்றால் சனிக்கிழமையே சைக்கிளைக் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை அங்கே இருந்தாக வேண்டும். ஈட்டிய விடுப்பு 20 வேலை நாளுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் சேரும். அம்மன் கோவில் திருவிழா, மச்சான் கல்யாணம் என்று முன்பே கரைத்துவிடாதீர்கள்.

நம் ஆட்களில் பலருக்குத் தண்ணீரில்தான் கண்டம். ஏரிக்கரையில் குடியிருந்துகொண்டு நீச்சலுக்கு வேளச்சேரி வரை போவதா என்று தோன்றும். போகத்தான் வேண்டும். செம்பரம்பாக்கம் சென்னையின் குடிநீர் ஏரி. நிரம்பினால் 24 அடி, 3,645 மில்லியன் கன அடி. அதில் இறங்கி நீந்த அனுமதி கிடையாது. மதகுப் பக்கம் தண்ணீர் இழுக்கும் இழுப்பும் அடியில் கிடக்கும் சேறும் நல்ல நீச்சல்காரரையும் விழுங்கும். வேளச்சேரியில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் 50 மீட்டர் குளம் இருக்கிறது. அதில் 38 நீளம் போனால் 1.9 கி.மீ. வீட்டுப் பக்கத்துத் தனியார் குளம் 25 மீட்டர் என்றால் 76.

கிணற்றில் குதித்து வளர்ந்தவர்கள் "எனக்கு நீச்சல் தெரியும்" என்பார்கள். தெரியும்தான், ஆனால் தலையை வெளியே வைத்துக்கொண்டு. 200 மீட்டரில் கழுத்து பிடித்துக்கொள்ளும், இடுப்பு கீழே தொங்கும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை உள்ளேயே விடப் பழகுவதுதான் முதல் பாடம். ஒரு கோச்சுக்குப் பணம் கொடுப்பதென்றால் இதற்குக் கொடுங்கள். போட்டிக்கு முன் சில தடவையாவது கடலில், தெரிந்த பயிற்சியாளரோடும் மிதவையோடும் நீந்தியிருக்க வேண்டும். மெரினாவில் வேண்டாம், அங்கே குளிக்கவே தடை; ஈ.சி.ஆரில் குழுவாகப் போகிறவர்களோடு சேருங்கள். குளத்தில் அடியில் கோடு இருக்கும், கடலில் இருக்காது. எட்டு பத்து கை வீச்சுக்கு ஒரு தடவை முதலையைப் போலக் கண்ணை மட்டும் மேலே எடுத்து மிதவை எங்கே என்று பார்க்க வேண்டும். இதைப் பழகாதவர் 1.9 கி.மீ.க்குப் பதில் இன்னும் நானூறு, ஐநூறு மீட்டர் சேர்த்து நீந்துவார்.

சைக்கிளுக்கு நமக்கு அவுட்டர் ரிங் ரோடு இருக்கிறது. நசரத்பேட்டையில் ஏறலாம். வண்டலூர் முதல் நெமிலிச்சேரி வரை சுமார் 30 கி.மீ.; அதை மூன்று முறை அளந்தால் போட்டித் தூரம். விடியலுக்கு முன்பே கிளம்புங்கள், துணையோடு போங்கள், பின்னால் சிவப்பு விளக்கு எரியட்டும், எதிர்த்திசையில் ஒரு மீட்டர்கூட ஓட்டாதீர்கள். மேடு என்று சொல்ல அங்கே மேம்பாலம்தான் உண்டு. ஆசை இருந்தால் ஒரு தடவை பெங்களூர் ஹைவேயில் ஏலகிரி வரை போய் அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிப் பாருங்கள்.

கண்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையில் பஞ்சர் நிச்சயம். டயர் வெடித்துச் சிதறிய இடங்களில் தலைமுடி கனத்துக்கு எஃகுக் கம்பித் துண்டுகள் கிடக்கும். அது டயரில் ஏறி டியூபைக் குத்தும். புது டியூப் போட்டு நூறு மீட்டர் போனதும் மறுபடி இறங்கிவிடும், ஏனென்றால் கம்பி இன்னும் டயரிலேயே இருக்கிறது. டயரின் உள்பக்கத்தைச் சுற்றிலும் பழைய துணியால் துடையுங்கள். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே கம்பி. விரலை விட்டுத் தடவாதீர்கள். சின்ன நோஸ் பிளையரால் பிடுங்கிவிட்டு, டியூபில் கொஞ்சம் காற்று ஏற்றி வடிவம் வந்த பிறகு உள்ளே நுழையுங்கள். ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் டியூப் கடிபடாது. போட்டியில் உங்களுக்காக இதை யாராவது செய்து தருவார்கள் என்று நம்ப வேண்டாம். பின்சக்கரத்தைக் கழற்றி மாட்ட வீட்டில் பழகுங்கள்.

ஓட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அது நமக்கு எளிதாக வரும். நீண்ட சைக்கிள் முடித்த உடனே ஷூவை மாற்றிக்கொண்டு இருபது நிமிடம் ஓடுங்கள். முதல் இரண்டு கி.மீ. கால் உங்களுடையது மாதிரியே இருக்காது. அந்த உணர்வு பழகிப் போக வேண்டும். மே மாதக் கத்திரியில் வெயில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்: குறைந்த ஒரு கிலோ என்பது ஒரு லிட்டர் வியர்வை. அதை வெறும் தண்ணீராகவே ஊற்றி நிரப்பினால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், அது உயிருக்கே ஆபத்து. உலக சுகாதார நிறுவனச் சூத்திரம் என்று அச்சிட்ட ஓ.ஆர்.எஸ். பொட்டலம் போதும். சைக்கிளில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து வயிற்றுக்குள் போக வேண்டும்; பெரிய வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம். மீதிக்குப் பேரீச்சம்பழமோ கடலை மிட்டாயோ. எது ஒத்துக்கொள்கிறதோ அதைப் பயிற்சியிலேயே முடிவு செய்யுங்கள், கோவாவில் புதிதாக எதையும் வாயில் வைக்காதீர்கள்.

35 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தொடங்கும் முன்பே டாக்டரைப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் கே.கே. நகர், அயனாவரம் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன.

போட்டி நாளில் ஒரே ஒரு விதியை மறக்காதீர்கள்: ஹெல்மெட் பட்டையை மாட்டிய பிறகுதான் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுக்க வேண்டும். ஈர விரலுக்கு அந்த கிளிப் வழுக்கும், வீட்டில் கையை நனைத்துக்கொண்டு பழகுங்கள். அப்புறம், ஊர் திரும்பும் மறுநாளுக்கும் சேர்த்து லீவு எழுதிவிடுங்கள். அன்றைக்குக் கம்பெனி பஸ் படிக்கட்டில் இறங்க முடியாது.