கைக்கேற்ற மட்டை

மேசைப்பந்து மட்டை கடையில் தொங்கும், காசு கொடுத்தால் கைக்கு வரும் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். அதன் உள்ளே ஐந்து மரத்தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன என்பதோ, அவற்றில் ஒன்றை மாற்றினால் ஆட்டமே மாறும் என்பதோ எங்களுக்குத் தெரியாது. தெரியவைத்தவள் எங்கள் அணியின் கடைக்குட்டி. எட்டாம் வகுப்பில் படிக்கிறாள்.

அவள் உயரம் குறைவு, கையும் சிறியது. ஆனால் பந்தைத் திருப்பி அனுப்பும் பொறுமையில் எங்களில் ஒருத்தியும் அவளுக்கு ஈடில்லை. அவள் ஆடியது அண்ணன் விட்டுச்சென்ற பழைய மட்டை. மெல்லத் தொட்டாலும் பந்து மேசையைத் தாண்டி ஓடும். அரைமணி ஆடினால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒரு மாலை, "அக்கா, நாளையிலேருந்து நான் வரலை. வேற யாரையாவது சேத்துக்குங்க" என்று சொல்லி மட்டையை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வட்டப் போட்டிக்கு அப்போது மூன்று மாதங்கள் இருந்தன.

மறுநாள் அந்த மட்டையை அறிவியல் ஆய்வகத் தராசில் வைத்தோம். 212 கிராம்! எங்கள் மற்ற மட்டைகள் எல்லாம் 170 முதல் 190 கிராமுக்குள் இருந்தன. "அவளுக்கு ஆடத் தெரியவில்லை என்று எண்ணினீர்களே, இதைத் தூக்கி ஆடியவளைப் பாராட்ட வேண்டாமா?" என்றார் அறிவியல் ஆசிரியை சிஸ்டர். அவளுக்காக நாமே ஒரு மட்டை செய்தால் என்ன என்ற பேச்சு அங்கேதான் எழுந்தது. எங்களுள் ஒருத்தியின் தந்தை தச்சுவேலை செய்பவர். அந்தத் தைரியம் எங்களுக்கு.

முதலில் விதிகளைப் படித்தோம். மட்டை எந்த அளவிலும், எந்த வடிவிலும், எந்த எடையிலும் இருக்கலாம் என்று சர்வதேச மேசைப்பந்துச் சம்மேளனத்தின் விதி கூறுகிறது. இவ்வளவு தாராளத்தை நாங்கள் எதிர்பார்க்கவேயில்லை. ஆனால் மரப்பகுதி தட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கவேண்டும். அதன் கனத்தில் 85 விழுக்காடாவது இயற்கை மரமாக இருக்கவேண்டும். இடையில் கார்பன் இழை, கண்ணாடி இழை போன்றவற்றை வைக்கலாம். அந்த அடுக்கு மொத்தக் கனத்தில் 7.5 விழுக்காடு அல்லது 0.35 மி.மீ., இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. கார்பன் வேகத்தைக் கூட்டுவது. வேகம்தான் அவளுடைய நோயே என்பதால் அந்தப் பக்கத்தை அப்படியே புரட்டிவிட்டோம்.

ரப்பர் ஒட்டாத வெறும் மரப்பகுதியை ஆட்டக்காரர்கள் 'பிளேடு' என்கிறார்கள். அது சவரக்கத்தியை நினைவூட்டுவதால் நாங்கள் 'பலகை' என்றே எழுதுகிறோம்.

பலகையின் வேகம் எங்கிருந்து வருகிறது? பந்து மோதும்போது பலகை சற்றே வளைந்து அதிர்கிறது. பந்து மட்டையைத் தொட்டிருக்கும் நேரமோ ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு வினாடிதான். அதற்குள் அதிர்வாகப் போன ஆற்றல் பந்துக்குத் திரும்பிவருவதில்லை. ஆகவே வளையும் பலகை மெதுவானது. விறைத்த பலகை வேகமானது. விறைப்பு கனத்தைப் பொறுத்தது என்பது தெரிந்ததே. எவ்வளவு பொறுத்தது என்பதில்தான் வியப்பு இருக்கிறது.

சிஸ்டர் எங்களை ஒரு சோதனை செய்யச் சொன்னார். ஒரு மர ஸ்கேலின் ஒரு முனையை மேசையோடு இறுக்கி, மறுமுனையில் எடை தொங்கவிட்டு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தோம். பிறகு அதே அளவுள்ள இரண்டு ஸ்கேல்களை ஒன்றின்மேல் ஒன்று வெறுமனே வைத்து அளந்தோம்; ஏறத்தாழப் பாதி இறங்கியது. அவ்விரண்டையும் பசை தடவி ஒட்டி, ஓரிரவு காயவிட்டு அளந்தபோது எட்டில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இறங்கியது! அதே மரம், அதே கனம். ஒட்டியது மட்டுமே வேறுபாடு. கனம் இரு மடங்கானால் விறைப்பு இரண்டின் முப்படி, அதாவது எட்டு மடங்காகிறது. 5.5 மி.மீ. பலகையை 6.5 மி.மீ. ஆக்கினால் விறைப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடும். கண்ணுக்கு ஒரு மி.மீ. தெரிவதேயில்லை. அண்ணனின் மட்டையை வெர்னியரில் அளந்தோம்: 6.8 மி.மீ. அவள் குற்றமில்லை என்பதற்கு இரண்டாம் சாட்சி கிடைத்தது.

இன்னொன்றும் அறிந்தோம். நடுவிலிருந்து தொலைவில் இருக்கும் தகடே விறைப்பில் அதிகப் பங்கு கொள்கிறது. வெளித்தகடு அரை மி.மீ. மட்டுமே ஆனாலும், வீட்டுக்குத் தொலைவில் இருக்கும் பெரியப்பா சொல்வதுபோல அதன் சொல்தான் எடுபடுகிறது. நடுமரம் தடிமனாக இருந்து எடையைத் தீர்மானிக்கிறது. இடையிலுள்ள இரண்டு தகடுகளும் குறுக்கே படுத்திருக்கும். மரம் இழையின் நீளவாக்கில் வலுவானது. குறுக்குவாக்கில் எளிதில் பிளந்துவிடும். அந்தப் பிளவைத் தடுக்கவே இந்தக் குறுக்குத் தகடுகள்.

பெரிய நிறுவனங்கள் நடுவில் ஆப்பிரிக்காவின் அயூஸ் மரத்தையும், மேலே லிம்பா, கோட்டோ மரங்களையும் பெரிதும் பயன்படுத்துகின்றன. ஜப்பானில் ஹினோக்கி என்னும் மரத்தின் ஒரே துண்டில், 9 அல்லது 10 மி.மீ. கனத்தில், பேனா பிடிப்பதுபோல் பிடித்து ஆடுவோருக்கு மட்டை செய்வார்கள். எங்கள் ஊர் மரக்கடையில் இவற்றின் பெயரைச் சொன்னதும் கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். நல்லவேளையாகத் தோழியின் தந்தை மலைவேம்பைச் சொன்னார். ஒட்டுப்பலகைக்கும் தீக்குச்சிக்கும் தமிழ்நாட்டில் வளர்க்கப்படும் இலேசான மரம் அது. நடுவில் 3.5 மி.மீ. மலைவேம்பு, குறுக்கே இரு புறமும் 0.6 மி.மீ. மலைவேம்பு, மேலே 0.5 மி.மீ. தேக்கு. கூட்டினால் 5.7 மி.மீ. என்று திட்டமிட்டோம்.

இங்கே எங்கள் பிழையையும் சொல்லியாக வேண்டும். கடையில் ஈட்டிமரத் தகடும் இருந்தது. கருஞ்சிவப்பு நிறம், அலையலையான இழை. எங்களில் பாதிப்பேர் அதற்கே மயங்கினோம். அது தேக்கைவிடக் கடினமானது, கனமானது, பந்தை விரைவாகத் தள்ளும் என்று தெரிந்தும், இரு கட்சியாரையும் திருப்திப்படுத்த ஒரு முகத்தில் தேக்கும் மறு முகத்தில் ஈட்டியும் ஒட்டினோம். இரு சமதளப் பலகைகளின் நடுவே வைத்து, கிளாம்பு போட்டு, ஓரிரவு கழித்துத் திறந்தோம். தட்டையாகத்தான் இருந்தது. இரண்டு நாளில் பசையின் ஈரம் உலர உலர, அது சுட்ட அப்பளம்போல வளைந்துவிட்டது. இரு புறமும் ஒரே மரம், ஒரே கனம் இருந்தால்தான் இழுப்பும் சமமாக இருக்கும். ஐந்து தகடுகளும் இரண்டு வாரமும் வீண். தோழியின் தந்தை கோபிக்கவில்லை. "நான் அப்பவே சொல்லியிருப்பேன், நீங்க கேக்கலையேம்மா" என்று மட்டும் சொன்னார். இரண்டாம் முறை இரு புறமும் தேக்கே ஒட்டினோம்.

பலகை காய்ந்ததும் தாளில் வடிவம் வரைந்து வெட்டினோம். கடை மட்டைகளின் தலை ஏறத்தாழ 157 மி.மீ. நீளமும் 150 மி.மீ. அகலமும் கொண்டிருக்கும். நாங்கள் இரண்டிலும் இரண்டு மி.மீ. குறைத்தோம். கைப்பிடிக்கு வேறொரு யுக்தி. அவளிடம் ஈரக் களிமண் உருண்டை ஒன்றைக் கொடுத்து, மட்டையைப் பிடிப்பதுபோல் பிடிக்கச் சொன்னோம். (எதற்கென்று சொல்லவில்லை. "அக்காமாருக்கு இன்னும் களிமண் விளையாட்டா?" என்று கேட்டுவிட்டுப் பிடித்தாள்.) அந்த அச்சைப் பார்த்து, குமிழ மரத்தில் இரண்டு துண்டுகள் இழைத்து ஒட்டினோம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசும் விளிம்பை உப்புத்தாளால் நன்கு மழுக்கினோம். ரப்பரை உரிக்கும்போது மரச்சிராய் பெயராதிருக்க முகத்தில் மெல்லிய வார்னிஷ் ஒரு பூச்சு. தராசில் வைத்தோம்: 81 கிராம்.

பிறகு ரப்பர். பலகையை நாமே செய்யலாம். ரப்பரை அப்படிச் செய்ய முடியாது. சம்மேளனம் அங்கீகரித்த ரப்பராக இருக்கவேண்டும்; அதன் முத்திரை கைப்பிடிக்கு அருகே தெரியும்படி ஒட்டவேண்டும். ஸ்பாஞ்சும் பசையும் சேர்ந்து ஒரு பக்கத்தின் கனம் 4 மி.மீ.க்கு மேற்படக்கூடாது.

இந்தக் கட்டுப்பாடு ஏன் வந்தது என்று தேடியபோது நம் நாட்டுக்கே வந்து சேர்ந்தோம். 1952-ஆம் ஆண்டு உலகப் போட்டி பம்பாயில் நடந்தது. அதற்குமுன் மட்டைகளில் முளைகள் வெளியே தெரியும் மெல்லிய ரப்பர்தான். பந்து பட்டால் 'டக்' என்று கேட்கும். ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ தடித்த ஸ்பாஞ்சு ஒட்டிய மட்டையோடு வந்தார். ஓசை அடங்கிப்போயிற்று. ஓசையைக் கேட்டே பந்தின் வேகத்தைக் கணித்துப் பழகியவர்கள் திகைத்துப்போனார்கள். சாட்டோ ஆடவர் ஒற்றையர் பட்டம் வென்றார். ஸ்பாஞ்சின் கனத்துக்கு 1959-இல் வரம்பு விதிக்கப்பட்டது. பிற்காலத்தில் இரு புறமும் வெவ்வேறு குணமுள்ள ரப்பரை ஒரே நிறத்தில் ஒட்டி, மட்டையைச் சுழற்றி எதிராளியை ஏமாற்றும் வழக்கம் பரவியது. அதற்கு முடிவுகட்டவே 1986 முதல் ஒரு பக்கம் கறுப்பு, மறு பக்கம் சிவப்பு என்றாயிற்று. 2021 முதல் சிவப்புக்குப் பதில் நீலம், பச்சை, ஊதா, இளஞ்சிவப்பும் அனுமதிக்கப்படுகின்றன. ஒரு பக்கம் கறுப்பு என்பது மாறவில்லை.

எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் பின்கைப் பக்கத்துக்கு நீள முளை ரப்பர் வேண்டுமா என்பதில்தான். நீண்ட முளைகள் பந்து பட்டதும் மடிந்துகொள்ளும். மேற்சுழற்சியோடு வந்த பந்து கீழ்ச்சுழற்சியோடு எதிராளியிடமே திரும்பும். 2018-இல் கோல்டு கோஸ்டில் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் வென்ற மனிகா பத்ரா பின்கையில் இவ்வகை ரப்பரோடு ஆடியவர். தடுத்தாடும் நம் கடைக்குட்டிக்கு இதுவே பொருத்தம் என்று ஒரு கட்சி சொன்னது. உடற்பயிற்சி ஆசிரியை ஒரே கேள்வி கேட்டார்: "எட்டாம் வகுப்புப் பிள்ளை சுழற்சியைத் தானே உண்டாக்கக் கற்றுக்கொள்ளுமுன் பிறர் சுழற்சியில் வாழப் பழகலாமா?" எங்களிடம் பதில் இல்லை. இரு புறமும் வழவழப்பான ரப்பரே என்று முடிவாயிற்று. முன்கைக்கு 1.8 மி.மீ. ஸ்பாஞ்சு, கறுப்பு, பின்கைக்கு 1.5 மி.மீ., சிவப்பு. மெல்லிய ஸ்பாஞ்சில் பந்து குறைவாகவே புதையும். அதனால் கட்டுப்பாடு அதிகம், எடையும் குறைவு. ஸ்பாஞ்சு இரண்டும் மென்மை ரகம். இதற்கான பணம் உணவுத் திருவிழாவில் பனியாரம் விற்றுச் சேர்த்தது.

ஆவியாகும் கரைப்பான் கலந்த பசைகள் 2008 முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. ஆகவே நீரில் கரையும் பசையைத் தடவினோம். வெண்மை மாறித் தெளிவாகும்வரை பொறுத்து, ரப்பரை வைத்துக் கண்ணாடிப் புட்டியால் உருட்டி ஒட்டி, விளிம்பை ஒட்டி நறுக்கினோம். முழு எடை 163 கிராம். அண்ணனுடையதைவிட 49 கிராம் குறைவு.

அதை அவளிடம் நீட்டியபோது அவள் ஒன்றும் பேசவில்லை. பிடித்துப் பார்த்தாள். களிமண் நினைவுக்கு வந்திருக்கவேண்டும், சிரித்துவிட்டாள்.

வட்டப் போட்டியில் நடுவர் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரப்பரின் முத்திரையைப் படித்தார். சமதளம் பார்க்கச் சின்ன ஸ்கேலை முகத்தின்மேல் வைத்தார். எங்களுக்கு அந்த அப்பளம் நினைவு வந்து வயிற்றைக் கலக்கியது. "இதை எங்கே வாங்கினாய்?" என்றார். "அக்காமார் செஞ்சாங்க, சார்" என்றாள். தலையசைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

முதல் ஆட்டத்தில் வென்றாள். இரண்டாவதில் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றாள். ஐந்தாம் சுற்றில் 11-9. மூன்று மணி நேரம் அரங்கில் இருந்தும் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளவில்லை. பேருந்தில் திரும்பும்போது, கைப்பிடி இன்னும் ஒரு மி.மீ. மெலிந்தால் நன்றாயிருக்கும் என்றாள். உப்புத்தாள் மீதி இருக்கிறது. தேக்குத் தகடும் ஒரு சோடி மீதி.