ஏதென்ஸ் போகும் முன் கப்பன் பூங்கா

ஏதென்ஸுக்குப் போய் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம் பார்த்து வந்ததிலிருந்து, அங்கே கிளம்பும் நண்பர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: ஒரு நடை பெங்களூரு கப்பன் பூங்காவுக்குப் போய் வாருங்கள். காக்ஸ் டவுன்காரர்களான நமக்கு அது பக்கம்தானே.

தூண்களைப் பழகுங்கள். அங்கே உயர் நீதிமன்றம் இருக்கும் அட்டாரா கச்சேரி 1868-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் முகப்புத் தூண்களின் தலையில் ஆட்டுக்கொம்பு போல இருபுறமும் சுருள் இருக்கும்; அது அயோனிக் வகை. கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத் தூண்களில் இலைக்கொத்து; அது கொரிந்தியன். மூன்றாவது வகையான டோரிக், பீடம் இல்லாமல் நேரே தரையிலிருந்து எழும். பார்த்தினான் கோயிலின் வெளித்தூண்கள் அந்த வகை.

ஏதென்ஸில், பார்த்தினான் கோயில் நிற்கும் அக்ரோபோலிஸ் மலைக்கு முதலில் போங்கள். வெயில் ஏறுவதற்குள் மலையைப் பார்த்துவிட்டு, உச்சி வேளையில் அருங்காட்சியகத்துக்குள் நுழையுங்கள். இரண்டுக்கும் டிக்கெட் தனித்தனி. கோயிலைப் பார்த்த கண்ணுக்குத்தான் சிற்பம் எந்த உயரத்தில் இருந்தது என்பது பிடிபடும்.

சிலைகளின் முதுகுப் பக்கமும் பாருங்கள். கூரையைத் தலையில் தாங்கிய ஐந்து கார்யாடிட் பெண்சிலைகள் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. பின்னால் போய்ப் பார்த்தால் தடித்த கூந்தல் பின்னல் கழுத்தை ஒட்டி இறங்குகிறது. அலங்காரமாகத் தெரியும் அந்தக் கூந்தல்தான், அவ்வளவு சுமைக்கும் மெல்லிய கழுத்து ஒடியாமல் காக்கிறது.

மேல்தளத்துக்கு நிறைய நேரம் வையுங்கள். பார்த்தினானைச் சுற்றி ஓடிய 160 மீட்டர் ஊர்வலச் சிற்பவரிசை அங்கே கோயிலின் அளவிலேயே அமைந்திருக்கிறது. மேற்கில் தொடங்கிக் கிழக்கு நோக்கி நடங்கள். ஊர்வலமும் அப்படித்தான் போகிறது. சில சென்டிமீட்டர் ஆழத்துக்குள் குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கடுக்காய்ப் பாய்வதைக் கிட்டே நின்று பாருங்கள். தேன் நிறத்தில் இருப்பவை மூலக் கற்கள். வெள்ளையாக இருப்பவை அச்சுப் படிகள். அவற்றின் மூலங்களில் பெரும்பகுதியை எல்ஜின் பிரபு எடுத்துச் சென்றார்; அது 1816 முதல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சிற்பங்களைப் பறிகொடுத்த வலி நமக்கும் உண்டு. அமராவதி ஸ்தூபியின் சிற்பங்களில் ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில். இன்னொரு பகுதி 1859-இல் கப்பலேறி, இன்று அதே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். அடுத்த முறை பிள்ளைகளோடு எழும்பூர் போனால், அந்தக் கற்களின் உடன்பிறப்புகள் எங்கே இருக்கின்றன என்பதையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.