எழுதிக் கொடுத்தது உயிலா, செட்டில்மெண்டா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நிலம் வைத்திருக்கும் பெரியவர்களைக் கேட்டால், "பையன் பேருக்கு எழுதி வச்சுட்டேன் சார்" என்பார்கள். உயிலா, செட்டில்மெண்டா என்று கேட்டால் பதில் வராது. வங்கியில் பத்திரம் புரட்டிய பழக்கத்தில் சொல்கிறேன், முதலில் அதை எடுத்துப் படியுங்கள். தலைப்பை மட்டும் நம்பாதீங்க. 'என் ஆயுளுக்குப் பின் அடைய வேண்டியது' என்றிருந்தால் உயில். 'இன்று முதல் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவிக்க' என்றிருந்தால் தான செட்டில்மெண்ட். 'என் ஆயுள் வரை நான் அனுபவித்துக்கொண்டு' என்று ஒரு வரி சேர்த்திருந்தாலும், உரிமையை இன்றே கொடுத்திருந்தால் செட்டில்மெண்ட்தான்.

உயிலை, சுயபுத்தியோடு இருக்கும்வரை எத்தனை தடவையும் மாற்றலாம். 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பிள்ளையின் சம்மதம் வேண்டாம். கிழித்துப் போடுவதும் சட்டப்படி ரத்துதான். ஆனால் பதிவு செய்த உயில் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் இருக்குமே! கிழித்தது நீங்கதான், மனசறிந்துதான் கிழித்தீங்க என்று உங்கள் காலத்துக்குப் பிறகு யார் வந்து சொல்வது? அதனால் பழைய உயிலின் ஆவண எண், தேதி போட்டு, இரண்டு சாட்சிகளோடு ரத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். புது உயிலிலேயே பழையதை ரத்து செய்வதாக எழுதினாலும் செல்லும்.

செட்டில்மெண்ட் அப்படியல்ல. கொடுத்து, அவர் ஏற்றுக்கொண்டுவிட்டால் நீங்கள் மட்டும் போய் ரத்துப் பத்திரம் போட்டு மீட்க முடியாது. அவராகத் திருப்பி எழுதித் தர வேண்டும். இல்லை, ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து இங்கே சென்ட் கணக்கு போய்ச் சதுர அடிக் கணக்கு வந்துவிட்டது. பத்து வருஷம் தக்கைப்பூண்டு மடக்கி உழுது, அமிர்தக்கரைசல் விட்டு மண்புழு வரவழைத்த நிலம், பிள்ளை போடும் ஒரு கையெழுத்தில் குடோன் ஆகிவிடும்.

அறுபது வயது கடந்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, அவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கக் கோரி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். அந்த நிபந்தனை இருந்தே தீர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத் தாய் ஒருவர் வழக்கில், மகன் அதே நாளில் தனியாக எழுதிக் கொடுத்திருந்த உறுதிமொழியைக் கணக்கில் எடுத்துத் தானப் பத்திரத்தை ரத்து செய்தது. எல்லா வழக்கிலும் இப்படி முடியும் என்று இருந்துவிடாதீங்க.

இனிமேல்தான் எழுதப்போகிறீர்கள் என்றால், என் யோசனை உயில்தான். செட்டில்மெண்ட்தான் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால், சோறு, மருந்து, இருக்க இடம் தந்து பார்த்துக்கொள்ள வேண்டும், தவறினால் ரத்து செய்யலாம் என்ற வாசகத்தைப் பத்திரத்துக்குள்ளேயே எழுதச் சொல்லுங்கள். எழுத்தர் "அதெல்லாம் வேணாம் ஐயா" என்பார். எழுதிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.