பால் மங்குகளைக் கவிழ்ப்போம், காய்ச்சலைத் தடுப்போம்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது நம் முன்னோர் வாக்கு. வெட்டுக் கத்தி ஏந்தி உழைக்கும் தோட்டப் பாட்டாளிக்கு இவ்வாக்கு முற்றிலும் பொருந்தும். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் நிரையில் மரங்கள் வெட்டப்படாமல் நிற்கும். வீட்டில் வருவாய் குறையும். காய்ச்சலை அலட்சியம் செய்தாலோ உயிருக்கே கேடு நேரலாம். ஆகவே, காய்ச்சல் எவ்வாறு வருகிறது, அதனை எவ்வாறு தடுப்பது, வீட்டில் செய்யத்தக்கவை எவை, செய்யத்தகாதவை எவை என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பழைய பாடம் ஒன்று

மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்பதற்கான சான்றை 1897 ஆம் ஆண்டில் இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டறிந்தார். சில ஆண்டுகளில் அந்த அறிவு நம் சிலாங்கூரில் பயன்பட்டது. 1901 ஆம் ஆண்டில் கிள்ளானில் பணியேற்ற டாக்டர் மால்கம் வாட்சன், கிள்ளான் நகரிலும் அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட துறைமுகத்திலும் சதுப்பு நீரை வடியச் செய்தும் புதர்களை அகற்றியும் மலேரியாவைப் பெருமளவு குறைத்தார்.

ஆனால், கடலோரச் சமவெளியில் வெற்றி தந்த அதே முறை மலைப்பாங்கான தோட்டங்களில் பலிக்கவில்லை. அங்கே காட்டை அழித்த பிறகு மலேரியா மேலும் பெருகியது. காரணம் யாது? மலையடிவாரத்தில் மலேரியாவைப் பரப்பிய அனோபிலிஸ் மாகுலாத்தஸ் என்னும் கொசு, வெயில் படும் தெளிந்த நீரோடைகளிலும் ஊற்றுகளிலும் முட்டையிடுவது. மரங்கள் வீழ்ந்ததும் ஓடைகளில் வெயில் பட்டது, கொசு பெருகியது. லயங்களில் வாழ்ந்த நம் மக்கள் பலர் மாண்டனர். பின்னர் ஓடை நீரை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தியும், தேங்கிய நீரில் எண்ணெய் தெளித்தும் அக்கொசுவைக் கட்டுப்படுத்தினர்.

தீத்திவங்சா மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த உலு யாம், பத்தாங் காலி வட்டார மக்கள் இப்பாடத்தை மறக்கலாகாது. எந்தக் கொசு, எந்த நீரில் வளர்கிறது என்பதை அறிந்தால்தான் அதனை ஒழிக்க முடியும்.

இன்றைய பகைவன்

2018 ஆம் ஆண்டில் மலேசியாவில் மனித மலேரியா உள்நாட்டில் எவருக்கும் பரவவில்லை. இது பெருஞ்சாதனை. எனினும், குரங்குகளிடமிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலேசி மலேரியா இன்னும் உண்டு. காட்டோரத்தில் வேலை செய்வோருக்கே அது மிகுதியாக வருகிறது. அதன் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை இரத்தத்தில் பெருகுவதால், நோய் விரைவில் முற்றிவிடும்.

நம் நிரைகளில் அன்றாடம் எதிர்ப்படும் மற்றொரு பகைவன் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு. இக்கொசு சாக்கடையை நாடுவதில்லை. சிறு கலங்களில் தேங்கும் ஓரளவு தெளிந்த நீரையே நாடுகிறது. மழையால் வெட்டு நின்ற நாள்களிலும், மரங்கள் இலையுதிர்க்கும் காலத்திலும், பால் மங்குகள் மரத்தில் வாய் திறந்தபடியே தொங்குகின்றன. அவற்றில் மழைநீர் நிரம்புகிறது. ஒரு மங்கில் நிற்கும் சிறிதளவு நீரே கொசுவின் தொட்டிலாகப் போதும்.

முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் ஆகின்றன. ஆதலால், வாரம் ஒரு முறை நீரைக் கொட்டினால் கொசு உருவாகாது. ஆனால் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் கலத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரின்றியும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். எனவே சுவரைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

வெட்டு இல்லாத நாள்களில் மங்குகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். உடைந்த மங்குகளை மரத்தடியில் எறியாமல் சேகரித்து அகற்ற வேண்டும். வீட்டில் தண்ணீர்த் தொட்டியை மூடி வைத்து, வாரந்தோறும் தேய்த்துக் கழுவ வேண்டும். பழைய டயர், தகர டப்பா, பூச்சட்டித் தட்டு, கூரைத் தாழ்வாரம் ஆகியவற்றில் நீர் நிற்கலாகாது. ஏடிஸ் பகலில் கடிப்பது. காலையிலும் மாலையிலும் மிகுதியாகக் கடிக்கும். ஆகவே வெட்டுக்குச் செல்வோர் முழுக்கைச் சட்டையும் நீள்காற்சட்டையும் அணிந்து, கொசு விரட்டி மருந்து பூசிக்கொள்வது நலம்.

வீட்டு வைத்தியமும் அதன் எல்லையும்

சுக்கு, மிளகு, துளசி இட்ட கஷாயம் சளிக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் இதம் தரும். வெதுவெதுப்பான உப்பு நீரால் கொப்பளிப்பதும் நன்று. வயிற்றுப்போக்குக்கு, கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், மட்டமாக அளந்து கலந்து, சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். உப்பு மிகுந்தால் தீங்காகும், அளவு தவறக்கூடாது.

காய்ச்சல் கண்டவருக்கு அரிசிக் கஞ்சி, இளநீர், பார்லித் தண்ணீர் ஆகியவற்றை அடிக்கடி கொடுக்க வேண்டும். உடல் சூட்டைத் தணிக்கப் பாரசிட்டமால் மாத்திரையைக் குறித்த அளவில் கொடுக்கலாம். ஆஸ்பிரின், இபுபுரோஃபென் மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. டிங்கியாக இருப்பின் அவை இரத்தக்கசிவை மிகுவிக்கும். பப்பாளி இலைச் சாற்றைப் பலர் நம்புகின்றனர். அதனை நம்பி மருத்துவரைக் காணத் தாமதிப்பதே ஆபத்து. கஷாயமும் சாறும் இரத்தப் பரிசோதனைக்கு ஈடாகா.

காய்ச்சல் விட்ட நாளே கவன நாள்

நம்மவர் பலர் தவறும் இடம் இதுவே. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ காய்ச்சல் தணிந்ததும், “உடம்பு தேறிவிட்டது, நாளை வெட்டுக்குப் போகலாம்” என்று எண்ணுகின்றனர். டிங்கியில் மிக ஆபத்தான வேளை பெரும்பாலும் காய்ச்சல் தணியும் அந்நேரத்தில்தான் தொடங்குகிறது. கடும் வயிற்றுவலி, நில்லாத வாந்தி, ஈற்றிலோ மூக்கிலோ இரத்தம், மூச்சுத் திணறல், மிகுந்த சோர்வு, கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். உலு சிலாங்கூர் மாவட்டத்தாருக்குக் கோல குபு பாருவில் அரசாங்க மருத்துவமனை உண்டு. காட்டோரத்தில் வேலை செய்பவராயின், அதனை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். மலேரியாவுக்கும் இரத்தம் பரிசோதிக்க அது உதவும்.

ஒரு நாள் கூலியை எண்ணிக் காய்ச்சலோடு வேலைக்குச் செல்வோர் உண்டு. அவர்கள் ஒன்றை அறிந்திருத்தல் நலம். 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, மருத்துவரின் சான்றிதழ் பெற்ற தொழிலாளிக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. சேவை இரண்டு ஆண்டுக்குக் குறைவாயின் ஆண்டுக்கு 14 நாள். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 18 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆயின் 22 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அதற்குத் தனி விடுப்பும் உண்டு.

அன்பர்களே! அன்று நம் முன்னோர் கொசுவின் இருப்பிடம் அறியாமல் மாண்டனர். இன்று நாம் அதனை அறிவோம். அது நம் கையெட்டும் தூரத்தில், நாம் வெட்டும் மரத்திலேயே தொங்குகிறது. அடுத்த மழைக்கு முன் நம் நிரையில் உள்ள மங்குகளைக் கவிழ்த்து வைப்போம். நம் குடும்பத்தைக் காப்போம்.