உருகிக் காக்கும் கம்பி

அமெரிக்க நாட்டில் ஒருவர், கொட்டகையில் நெடுநாள் நின்ற தம் பழைய காரை மீண்டும் ஓட்ட விரும்புகிறார் எனக் கொள்க. அவர் புதிய பாட்டரி ஒன்றைப் பொருத்திச் சாவியைத் திருப்புகிறார். எஞ்சின் ஒருமுறை உறுமுகிறது. மறுநொடியில் எல்லாம் அடங்கிவிடுகிறது. விளக்குகள் எரியவில்லை, ஊதுகுழல் ஒலிக்கவில்லை, சாவியை எத்துணை முறை திருப்பினும் பயனில்லை. பாட்டரியோ குறைவற்ற வலிமையுடன் இருக்கிறது. காரின் இயக்கத்தை ஒரு நொடியில் நிறுத்தியது எது? சாண் அளவே உள்ள ஒரு சிறு கம்பி! அது தன் கடமையைச் செய்து மடிந்திருக்கிறது. அதுவே உருகு கம்பி.

மின்னோட்டம் ஒரு கம்பியில் பாயும்போது அக்கம்பி வெப்பமடைகிறது. இவ்வெப்பம் எவ்வாறு கூடுகிறது என்பதை ஆங்கில அறிஞர் ஜூல் 1841-ஆம் ஆண்டில் விளக்கினார். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். கம்பியின் மின்தடை மிகுந்தாலும் வெப்பம் மிகும். மெல்லிய கம்பிக்கு மின்தடை மிகுதி. ஆதலின், தடித்த கம்பியோடு ஒரு மெல்லிய கம்பியைத் தொடராக இணைத்தால், அளவு கடந்த மின்னோட்டம் பாயும்போது மெல்லியதே முதலில் உருகி அறும். சுற்று துண்டிக்கப்படும், எஞ்சிய கம்பிகள் பிழைக்கும்.

இக்கருத்து கார்கள் தோன்றுவதற்கு முன்பே அறியப்பட்டதாகும். தந்தி நிலையங்களை இடியினின்று காக்க, வெளியிலிருந்து வரும் கம்பியில் ஒரு பகுதியை மெல்லியதாக அமைக்கலாம் எனப் பிரெஞ்சு நாட்டு அறிஞர் பிரெகே கூறினார். மின்விளக்கை நகரெங்கும் பரப்பிய எடிசன், தம் மின்வழங்கு முறையின் ஓர் உறுப்பாக உருகிக்கு 1890-இல் காப்புரிமை பெற்றார். வீடுகளில் பியூஸ் என வழங்குவது இதுவே.

காரில் இதன் தேவை இன்னும் பெரிது. பாட்டரியின் மின்னழுத்தம் 12 வோல்ட்டே. அதைத் தொட்டால் உடலில் அதிர்ச்சி தோன்றாது. அதனால் அதில் தீங்கில்லை என்று எண்ணுதல் தவறு. காரின் உலோக உடலே பாட்டரியின் எதிர்முனைக்கு வழியாக அமைந்துள்ளது. நேர்முனையிலிருந்து வரும் கம்பியின் உறை எங்கேனும் தேய்ந்து, உள்ளிருக்கும் செம்பு காரின் உடலைத் தொட்டால், பல நூறு ஆம்பியர் மின்னோட்டம் தடையின்றிப் பாயும். இதனைக் குறுக்குச் சுற்று என்பர். சில நொடிகளில் கம்பியின் உறை உருகிப் புகையும். பக்கத்துக் கம்பிகளும் பற்றிக்கொள்ளும். அருகிலேயே பெட்ரோல் குழாய் இருப்பதை நினைத்தால் இதன் கொடுமை விளங்கும்.

விளக்கு, ஊதுகுழல் முதலியவற்றுக்குத் தனித்தனிச் சிறு உருகிகள் உண்டு. ஆயினும் பாட்டரிக்கும் அவ்வுருகிப் பெட்டிக்கும் இடைப்பட்ட பெருங்கம்பிகளைக் காப்பது எது? அவற்றின் தொடக்கத்தில் நிற்கும் உருகு கம்பியே காக்கிறது. எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டார் மிகப் பெரிய மின்னோட்டத்தை இழுப்பதால், அதன் தடித்த கம்பி மட்டும் இக்காவலுக்குப் புறம்பாகச் செல்கிறது.

அமெரிக்கக் கம்பி அளவுமுறையில் எண் கூடக்கூடக் கம்பி மெல்லியதாகும். காக்கவேண்டிய கம்பியைவிட நான்கு எண் மெல்லியதாக உருகு கம்பி இருத்தல் வேண்டும் என்பது வழக்கமான விதி. எடுத்துக்காட்டாக, 10-ஆம் எண் கம்பியின் குறுக்குப் பரப்பு 5.26 சதுர மில்லிமீட்டர். 14-ஆம் எண் கம்பியின் பரப்பு 2.08 சதுர மில்லிமீட்டர். ஒரே மின்னோட்டத்தில், மெல்லியதில் தோன்றும் வெப்பம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அதைத் தாங்கும் உலோகமோ இரண்டரையில் ஒரு பங்கு. எனவே அது ஆறு மடங்கு விரைவாகச் சூடேறுகிறது. அதன் உறை எளிதில் தீப்பற்றாத பொருளால் ஆனது. உள்ளே கம்பி உருகினாலும் அவ்வுறை உப்புமேயன்றிச் சுடர்விட்டு எரியாது.

ஜப்பானிய நிறுவனமாகிய நிசான், தாட்சன் என்னும் பெயரில் விற்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் உலகப் புகழ் பெற்றவை. 1969-இல் அறிமுகமான 240-இசட் காரும், 1975 முதல் 1978 வரை வட அமெரிக்காவில் விற்பனையான 280-இசட் காரும் அவ்வினத்தைச் சேர்ந்தவை. 280-இசட் காரில் எரிபொருளை அளந்து செலுத்தும் வேலையை மின்னணுக் கருவி செய்கிறது. அதனால் மின்சாரம் தடைப்பட்டால் எஞ்சினே நின்றுவிடும். அக்காரின் உருகு கம்பிகள் பாட்டரிக்கு அண்மையில், மூடியிட்ட சிறு பெட்டிகளில் செருகப்பட்டுள்ளன. அரை நூற்றாண்டு கடந்த இக்கார்களைப் பேணுவோர் அக்கம்பிகளை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

பழுதான கம்பியைக் கண்டறிவது எவ்வாறு? முதலிற் கண்ணால் நோக்குதல் வேண்டும். உறை கருகியோ கொப்புளித்தோ இருந்தால் ஐயமில்லை. வெளித்தோற்றம் நன்றாக இருந்தாலும் நம்பிவிடலாகாது. மெல்ல இழுத்துப் பார்க்கும்போது ரப்பர்போல் நீண்டால், உள்ளே கம்பி அறுந்திருக்கிறது என்பது பொருள். சோதனை விளக்கின் ஒரு முனையைக் காரின் உடலில் இணைத்து, மறுமுனையால் உருகு கம்பியின் இரு பக்கங்களையும் தொட்டுப் பார்க்கலாம். பாட்டரிப் பக்கத்தில் விளக்கு எரிந்து மறுபக்கத்தில் எரியாவிடின், கம்பி அறுந்துவிட்டது.

இன்னொரு வகைப் பழுதும் உண்டு. குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பும் ஈரமும் சேர்ந்து கம்பியின் முனைகளை அரித்துவிடும். அப்போதும் சோதனை விளக்கு எரியும். ஏனெனில் அதற்குச் சிறிதளவு மின்னோட்டமே போதும். ஆனால் முகப்பு விளக்குகள் மங்கும். அவற்றை எரியவிட்டு, உருகு கம்பியின் இரு முனைகளுக்கிடையே வோல்ட்டுமானியை வைத்தல் வேண்டும். நல்ல கம்பியாயின் மானி ஏறத்தாழச் சுழியைக் காட்டும். அரிப்புற்றதாயின் அளவு உயரும்.

மாற்றுவதற்கு முன் பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிடவேண்டும். அவ்வாறு செய்யாமல் நேர்முனையில் கைவைத்தால், திருகுசாவி காரின் உடலைத் தொட்டுத் தீப்பொறி பறக்கும். பழைய கம்பியின் பருமனும் நீளமும் உடைய உருகு கம்பியையே வாங்கி, முனைகளைத் தூய்மையாக்கி, அசையாதவாறு இணைத்தல் வேண்டும். இணைத்தபின், கழற்றிய எதிர்முனைக் கம்பிக்கும் பாட்டரிக்கும் இடையே சோதனை விளக்கைப் பொருத்துவது நன்று. கதவுகளை மூடி எல்லாப் பொத்தான்களையும் நிறுத்திய பின்னும் விளக்கு ஒளியுடன் எரிந்தால், குறுக்குச் சுற்று இன்னும் நீங்கவில்லை என அறியலாம்.

இனி, தொடக்கத்திற் கண்ட உரிமையாளரை நினைப்போம். பொழுது சாய்கிறது, கடைகள் மூடியாயின. கொட்டகையில் தடித்த செம்புக் கம்பி ஒன்று கிடக்கிறது. அதை இணைத்தால் கார் உடனே ஓடும். எடுக்கக் கை நீள்கிறது. ஆனால், "இக்கம்பி ஏன் உருகியது?" என்னும் வினா அவரைத் தடுக்கிறது. அவர் சோதனை விளக்கைக் கொண்டு ஒவ்வொரு கம்பியாகத் தேடுகிறார். எஞ்சின் அறையின் தகட்டுத் துளையில் இருந்த ரப்பர் வளையம் காலப்போக்கில் இற்றுப்போயிருக்கிறது. தகட்டின் விளிம்பு உராய்ந்து உராய்ந்து ஒரு கம்பியின் உறையை அறுத்திருக்கிறது. செம்பு பளபளவென வெளியே தெரிகிறது.

தடித்த கம்பியை இணைத்திருந்தால், அந்த இடத்தில்தான் தீ மூண்டிருக்கும். அவர் தேய்ந்த கம்பியை மாற்றிப் புதிய வளையத்தைப் பொருத்துகிறார். மறுநாள் உரிய உருகு கம்பியை வாங்கி இணைக்கிறார். ஒரு நாள் தாமதத்தால் அவருடைய காரும், ஒருவேளை உயிரும், காக்கப்பட்டன.

வீட்டுப் பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைச் சுற்றிவைப்போரும் உளர். அவர்கள் குறையைத் தீர்க்கவில்லை; குறையை அறிவிக்கும் வாயை அடைத்துவிட்டனர். உருகிய கம்பி பழுதுற்ற பொருள் அன்று. பழுதைச் சுட்டிக்காட்டிய காவலன். காவலன் வீழ்ந்தால், அவனிடத்தில் அவனைப் போன்ற மற்றொருவனை நிறுத்துவதற்கு முன், பகைவன் எங்கே உள்ளான் எனத் தேடுவதே அறிவுடைமை.